ரேடியோப் போட்டியில் என் காதும் அவர் குரலும்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நாலு நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனது. ஆறும் சொந்தக் காலில் நிற்கின்றன. ஒன்றுகூட என்னை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. பேசியிருந்தாலும் இங்கே எழுத மாட்டேன்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இங்கிலீஷில் பெரிய எழுத்து எல்லாம் தெரியும், சின்ன எழுத்து தெரியாது, அது தேவைப்படவும் இல்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சை அவள் புத்தகத் தமிழாக்கிக்கொண்டே வருகிறாள். தப்பு இருந்தால் அது அவளுடையது.

ரேடியோப் போட்டிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கம்மா என்று மெயின்லேண்டில் இருக்கும் ரேடியோ சங்கத்துக்காரர்கள் கேட்டிருந்தார்கள். அந்தமானில் ரேடியோ என்றாலே எல்லோரும் அந்தப் பெரிய அலை வந்த நாளைப் பற்றித்தான் கேட்பார்கள். அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது ஒரு சனிக்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் வீட்டில் நடந்தது.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஹாம் ரேடியோ என்பது வீட்டிலேயே ஒரு செட் வைத்து, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, கூரையிலிருந்து மரத்துக்குக் கம்பி இழுத்துக் கட்டி, உலகத்தில் அதே மாதிரி செட் வைத்திருப்பவர்களோடு பேசுவது. ஒவ்வொருவருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் உண்டு, அதற்குக் கால்சைன் என்று பேர். போட்டி என்றால், குறித்த நேரத்துக்குள் எத்தனை பேரோடு, எத்தனை நாட்டோடு பேச முடியுமோ பேச வேண்டும். அவர் கால்சைன் நமக்குச் சரியாகக் கேட்க வேண்டும், நம்முடையது அவருக்குக் கேட்க வேண்டும், ஆளுக்கு இரண்டு எண்ணைச் சொல்லிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் அரசாங்கத்தில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தவர். கப்பலோடு பேசுகிற வேலை. தெற்குக் கோடியில் கேம்பல் பே என்ற ஊரில் பல வருஷம் இருந்தோம். அக்கம்பக்கம் எல்லாம் ராணுவத்திலிருந்து வந்து குடியேறிய பஞ்சாபிக்காரர்களும் மராட்டிக்காரர்களும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் வந்தால்தான் உண்டு. கடல் முறுக்கிக்கொண்டால் கப்பல் கிளம்பாது. இவர் டூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, கப்பல் கிளம்பிவிட்டது என்பார். அதன் பிறகுதான் நான் கூடையின் அடியில் கிடக்கும் கடைசி வெங்காயத்தை எடுத்து உரிப்பேன். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்டி, “நிகல் கயா க்யா?”, கிளம்பிவிட்டதா என்று கேட்பாள். நான் தலையை ஆட்டினால் கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டிலும் வெங்காயம் வதங்கும் வாசம் வரும். இவர் சொன்னது ஒரு நாளும் பொய்த்ததில்லை.

ரிட்டையர் ஆனதும் போர்ட் பிளேரில் சாத்தத்துப் பாலத்துக்குப் போகும் சரிவில் வீடு எடுத்தோம். சொந்தமாகச் செட் வைத்துக்கொண்டார். சாயங்காலம் ஆனால் சென்னைக்காரர் ஒருவர், மலேசியாக்காரர் ஒருவர், கொழும்புக்காரர் ஒருவர் என்று ரேடியோவில் கூடிவிடுவார்கள். அங்கே மழையா, இங்கே மழை, முட்டிவலி எப்படி, மகனுக்குப் பெண் பார்த்தாயிற்றா என்று போகும். போட்டி என்றால் இவருக்கு ஆகவே ஆகாது. மனுஷனிடம் பேசுகிறார்களா, ஆட்டு மந்தையில் தலை எண்ணுகிறார்களா என்பார்.

பிறகு அவருக்குக் காது போக ஆரம்பித்தது. குக்கர் விசில் அவருக்குக் கேட்காமல் போனபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பியை மாற்றினார், ஹெட்போனை மாற்றினார், அந்த வயதில் கூரைமேல் ஏறினார். கடைசியில் மகள் சென்னைக்குக் கூட்டிப்போய்க் காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தாள். வீட்டில் எதிரே உட்கார்ந்து பேசினால் அதில் கேட்கும். ரேடியோவுக்கு அது உதவவில்லை. இரைச்சலையும் குரலையும் ஒன்றாகவே பெரிதாக்கிக் கொடுத்தது.

ஒரு சாயங்காலம் அந்தக் கொழும்புக்காரர் இவருடைய கால்சைனைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுகிறார். அடுப்படியில் நிற்கும் எனக்குக் கேட்கிறது. செட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் இவருக்குக் கேட்கவில்லை. நான் ஓடிவந்து தோளைத் தொட்டேன். என்னைப் பார்த்தார், செட்டைப் பார்த்தார். ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பழைய பெட்ஷீட் ஒன்றை எடுத்து அதன்மேல் போட்டு மூடினார்.

அதோடு வீட்டுப் பேச்சும் நின்றது. எதைக் கேட்டாலும் ‘ம்’. கேட்காவிட்டாலும் ‘ம்’. இரண்டு மழைக்காலம் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள், ரேடியோ மூலம் பழக்கமான திருச்சித் தம்பி ஒருவருக்குப் போன் போட்டு, செட்டை எடுத்துக்கொள்ளுங்கள், கப்பலில் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டார். காசு வேண்டாம் என்றும் சொன்னார். துறைமுக ஆபீஸில் வேலை பார்க்கும் எங்கள் மகளிடம், ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், அதாவது கப்பல்துறையில், பார்சல் கட்டி ஏற்றிவிடும் ஆளைப் பார்க்கச் சொன்னார்.

செட் போவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த மேஜை காலியானால் துணி மடிக்க இடம் கிடைக்கும். செட்டோடு சேர்ந்து இந்த மனுஷனும் கப்பலேறிப் போய்விடுவாரே என்றுதான் பயந்தேன். நாற்காலியில் உடம்பு இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

அந்தத் தம்பிக்கு நல்ல மனது. என்னைத் தனியாகப் போனில் கூப்பிட்டுப் பேசினார். வரப்போகும் சனி ஞாயிறில் உலகம் முழுக்க ஒரு போட்டி இருக்கிறது, செட்டை அனுப்புவதற்கு முன்னால் அதில் ஒரு தடவை உட்காரச் சொல்லுங்கள் என்றார். காதே கேட்காதவரைப் போட்டியில் உட்காரச் சொல்கிறீர்களே என்றேன். அதற்கு அவர் சொன்ன காரணம் எனக்குப் பிடித்தது. சாதாரணப் பேச்சில் எதிராளி எதை வேண்டுமானாலும் பேசலாம். போட்டியில் அப்படி இல்லை. வருவது ஒரு கால்சைனும் எண்ணும் மட்டும். என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்த பேச்சைப் பிடிப்பது சுலபம், கூட யாராவது ஒருவர் கேட்டுச் சொன்னால் இன்னும் சுலபம் என்றார்.

கேட்டுச் சொல்ல நான் இருக்கிறேன் என்று இவரிடம் சொன்னேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் சிரித்தது அன்றைக்குத்தான். என் காது நன்றாகத்தான் இருந்தது, கடவுள் புண்ணியம். தெருவில் மீன்காரர் எந்த மீனைக் கூவுகிறார் என்று கொல்லையிலிருந்தே சொல்வேன். அவர் சிரிப்பு முடியும்வரை காத்திருந்தேன்.

“போட்டி முடியட்டும். அடுத்த கப்பல்ல செட்டு போகுது. சலேகா?” என்றார். சம்மதமா என்பதை இங்கே அப்படித்தான் கேட்போம்.

“சலேகா” என்றேன். வேறென்ன சொல்ல.

புதிதாக வருகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியதை அந்த வாரம்தான் கற்றுக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவேன். ஹாம்கள் எழுத்தை எழுத்தாகச் சொல்வதில்லை. ஏ என்பதற்கு ஆல்ஃபா, பி என்பதற்குப் பிராவோ, ஜே என்பதற்கு ஜூலியட் என்று ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். இந்த வார்த்தைகள் எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து காதில் விழுந்துகொண்டிருப்பவை. ஆல்ஃபா பிராவோ சார்லி என்று சொல்லித்தான் பிள்ளைகளைத் தொட்டிலில் ஆட்டியிருக்கிறார். வார்த்தைக்கு எந்த எழுத்து என்பதை மட்டும் ஒரு சிலேட்டில் எழுதி எழுதிப் பழகினேன்.

இந்த வார்த்தைகளை எதற்காக உண்டாக்கினார்கள் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் ஒன்றோடு ஒன்று குழம்பாமல் போய்ச் சேர வேண்டும் என்றுதான். முன்பெல்லாம் இரைச்சல் கடலிலும் வானத்திலும் இருந்தது. இப்போது அது இவருடைய காதுக்குள் இருக்கிறது. வார்த்தைகள் அதே வார்த்தைகள்தானே, போய்ச் சேராமலா இருக்கும்?

கேட்டுப் பழகும்போது இன்னொன்றும் தெரிந்தது. காலையில் கொஞ்ச நேரம் செட் முழுக்க ‘கர்ர்’ என்று அடைத்துக்கொள்ளும். கை வைத்துப் பார்க்காத இடமில்லை. கடைசியில் பார்த்தால் அது அடுத்த வீட்டு மிக்ஸி. அடுத்த வீட்டில் இருப்பவள் பெங்காலிப் பெண், மீன் மசாலா அரைக்காமல் அவளுக்குப் பொழுது விடியாது. அக்கா என்கிற மாதிரி என்னைத் தீதி என்பாள். போய் விஷயத்தைச் சொன்னேன். சனி ஞாயிறு இரண்டு நாளும் மிக்ஸி போடாமல் இருக்க முடியுமா என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன். ஜப்பான்காரர் பேசுவது எங்களுக்குக் கேட்க வேண்டும் என்றேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

“மேரா மிக்ஸி ஜப்பான் தக் ஜாதா ஹை க்யா, தீதி?” என்றாள்.

ஜப்பான்வரை போகாது, எங்கள் வீட்டுவரை வந்து ஜப்பானை மறித்துக்கொண்டு நிற்கிறது என்றேன். சிரித்தாள். அந்த இரண்டு நாளும் அம்மிக்கல்லில் அரைத்தாள். தண்ணீர் மோட்டாரையும் நாங்கள் சாப்பிட எழுந்த பிறகுதான் போட்டாள். அவள் கைக்கு நான் கடமைப்பட்டவள். புதிதாக வருகிறவர்களே, போட்டிக்கு முன்னால் அக்கம்பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

சனிக்கிழமை விடிந்ததும் போட்டி ஆரம்பம். இங்கே சூரியன் சீக்கிரம் வந்துவிடும், அது ஒரு சௌகரியம். முந்தின நாளே இட்லிக்கு மாவு அரைத்துவிட்டேன். அவருடைய நாற்காலியில் இலவம்பஞ்சுத் திண்டு போட்டேன். கை எட்டும் இடத்தில் தண்ணீர் வைத்தேன். ஆறு பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிய வீட்டுக்கு இந்தப் போட்டியின் ஏற்பாடு பெரிய காரியமா?

ஒரே செட்டில் இரண்டு ஹெட்போன் மாட்டியிருந்தோம். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. அவரே கேட்பார், விட்டுப்போனால் நான் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. மைக்கில் பேசுவது அவர் மட்டும்தான். எனக்கு லைசென்ஸ் இல்லை. அந்த இரண்டு நாளில் ஒரு இருமலைக்கூட நான் மைக்கில் போகவிடவில்லை.

முதலில் தம்பி சொன்னபடி, மற்றவர்கள் கூப்பிடும் இடமாகத் தேடித் தேடிப் போய்ப் பதில் சொன்னோம். புதியவர்களுக்கு அதுதான் நல்லது. கூப்பிடுகிறவர் தன் கால்சைனைத் திரும்பத் திரும்பச் சொல்வார். மூன்று நாலு தடவை கேட்டு, எழுத்தெல்லாம் சரிதானா என்று பார்த்துக்கொண்டு, அப்புறம் வாயைத் திறக்கலாம். அவசரம் அவருக்குத்தான், நமக்கு இல்லை. அது நன்றாகவே போனது. இவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அதில் தைரியம் வந்து, இனி நாமே ஓர் இடத்தில் உட்கார்ந்து கூப்பிடலாம் என்றார். அங்கேதான் கஷ்டம் வந்தது. எங்கள் தீவிலிருந்து ரேடியோவில் பேசுகிறவர்கள் குறைவு. அதனால் எங்கள் கால்சைன் கேட்டவுடன் ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். கப்பல் வந்த அன்று ஜெட்டியில் கேட்கும் இரைச்சல்தான். அந்தக் கூட்டத்திலிருந்து எப்படியோ ஒருவரைப் பிடித்துவிட்டால், இவர் அவருக்குப் பேரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, நேற்று இரவு இங்கே மழை பெய்ததைச் சொல்லி, உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்கிறார். தீவில் இருப்பவர்களுக்கு வெளியூர்க் குரல் என்றால் விருந்தாளி. வந்தவரை இரண்டு எண்ணைச் சொல்லி அனுப்பிவிட மனசு வராது. அந்த ஜப்பான்காரர் பாவம், இங்கிலீஷில் தெரிந்த நன்றியையெல்லாம் சொல்லிவிட்டு ஓடிப்போனார். காத்திருந்த கூட்டமும் பாதி கலைந்தது.

அடுத்தது அதைவிட மோசம். ஒருவருடைய கால்சைனில் பின்பாதிதான் இவருக்குக் கேட்டது. முன்பாதியை இவராகவே போட்டுக்கொண்டார். அந்த ஆள் திருத்திச் சொன்னார். இவர் மறுபடி அதையே சொன்னார். அவர் மறுபடி திருத்தினார். நான் பக்கத்திலிருந்து சொல்கிறேன், அதுவும் இவருக்கு எட்டவில்லை. ஹெட்போன் மாட்டுவதற்காகக் காது மிஷினைக் கழற்றி வைத்திருந்தார். ரேடியோவும் கேட்காமல் நானும் கேட்காமல் நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் யாரோ, இந்த ஆள் கேட்கிறாரா இல்லையா என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு இவருக்குக் கேட்கவில்லை. என் முகத்தில் அதைப் பார்த்துவிட்டார்.

ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மிஷினைக் காதில் செருகிக்கொண்டார். “போதும். பார்சல் ஆளை வரச் சொல்லு” என்றார். செட்டை அணைக்கவில்லை, அதை மட்டும் கவனித்தேன்.

மகள் அன்று லீவு, எங்களோடு இருந்தாள். அவள் அப்பாவுக்குச் சமாதானம் சொல்ல வந்தாள். நீ போய்ச் சட்னிக்குத் தேங்காய் துருவு என்று அனுப்பிவிட்டேன். எனக்குக் கோபம். சிரித்தவன்மேல் இல்லை, அவன் யாரோ. இந்த மனுஷன்மேல்தான். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, என் வாய் அவருக்குத் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன்.

“கேம்பல் பேயில கப்பல் கெளம்பிருச்சுன்னு சொல்லுவீங்க. நான் என்னைக்காவது ஜெட்டிக்குப் போயி எட்டிப் பாத்திருக்கேனா?”

“ம்.”

“இருந்த ஒத்த வெங்காயத்தையும் உரிச்சேன்ல?”

“அதுக்கு என்ன இப்போ?”

“உங்க காதை நம்பி அடுப்புப் பத்த வச்சேன். இன்னைக்கு ஒரு பொழுது என் காதை நம்பிப் பேசுங்க. ஹெட்போனு எனக்கு மட்டும் போதும்.”

அவர் ஜன்னல் வழியாகக் கம்பி கட்டியிருக்கும் பாக்குமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இட்லி வந்தது, சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, தன் ஹெட்போனை எடுத்துப் பிளக்கை உருவி, ஒயரைச் சுற்றி அலமாரிக்குள் வைத்தார். ஆயுசு முழுக்க ஹெட்போனைக் காதில் வைத்தே சம்பாதித்த மனுஷன் அவர். அந்த ஒரு காரியத்துக்காகவே அவரை நான் கும்பிட வேண்டும். பிறகு தன் நாற்காலியை என் பக்கமாகத் திருப்பிப் போட்டார்.

மத்தியானம் எல்லாக் குரலும் மங்கிவிடும். அந்த நேரத்தில் அவரைப் படுக்க வைத்தேன், நானும் படுத்தேன். வாலிபர்கள் அந்த நேரத்திலும் விடாமல் கத்திக்கொண்டிருப்பார்களாம். புதியவர்கள் அப்படிச் செய்ய வேண்டாம். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் தூங்கி, ஆள் வரும் நேரத்தில் விழித்திருங்கள். சாயங்காலம் ஐரோப்பா திறக்கும், அந்தப் பக்கத்துக் குரல்கள் வர ஆரம்பிக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். டீ குடித்துவிட்டு உட்கார்ந்தோம்.

நான் கேட்பேன். சிலேட்டில் எழுதிக்கொண்டே, அவருடைய இடது காதுப் பக்கம் குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வேன். அவர் காலால் ஸ்விட்சை மிதித்து மைக்கில் சொல்வார், கணக்குக்காகக் கம்ப்யூட்டரில் தட்டுவார். ‘ஜூலியட்’ என்று நான் வாயைத் திறக்கும்போதே அவருக்கு விளங்கிவிடும். பிழையாகச் சொன்னால் அவர் கையைத் தொடுவேன், சரியாக இருந்தால் சும்மா இருப்பேன். அவர் குரலுக்கு என்ன குறை? இன்னும் கப்பலைக் கூப்பிடுகிற குரல்தான். மழையைப் பற்றி ஆரம்பித்தால் மட்டும் நான் அவர் முழங்கையை இடிக்க வேண்டியிருந்தது.

அப்போது நானும் ஒரு தப்பு செய்தேன். கூட்டத்தில் பெரிய குரல்களுக்கு அடியில் ஒரு மெலிந்த குரல் கேட்கும். பிள்ளை வளர்த்த பழக்கம், நோஞ்சானாக இருக்கிற பிள்ளைக்குத்தான் முதலில் ஊட்டத் தோன்றுகிறது. அந்த மெலிந்த குரலை எடுக்கலாம் என்று காதைக் கொடுப்பேன். ஓர் எழுத்து கிடைக்கும். அதற்குள் பெரிய குரல்காரர்கள் எல்லோரும் பொறுமை இழந்து அதன்மேல் கத்துவார்கள். அந்தக் குரலும் முங்கிப்போகும், மற்றவர்களும் கிடைக்க மாட்டார்கள்.

இரண்டு மூன்று தடவை இப்படி ஆனதும், ஃபீனிக்ஸ் பேயில் கப்பல் டிக்கெட் கொடுக்கிற கவுன்ட்டர் ஞாபகம் வந்தது. கடைசியில் நிற்கும் கிழவிக்கு முதலில் கொடுப்போம் என்று கவுன்ட்டர்காரர் எழுந்து எட்டிப் பார்த்தால் என்ன ஆகும்? முன்னால் நிற்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், கிழவி நசுங்கிப்போவாள். ஜன்னல் எதிரே நிற்பவருக்குச் சட்டென்று கொடுத்து அனுப்பு, அடுத்தவருக்குக் கொடு, வரிசை குறையக் குறையக் கிழவி தானாக ஜன்னலுக்கு வந்துவிடுவாள். நானும் அப்படியே செய்தேன். பெரிய குரல்களை முதலில் முடித்தேன். கூட்டம் மெலிந்ததும் அந்தச் சின்னக் குரல்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. யாருடையதாவது பாதி கேட்டால், அந்தப் பாதியைச் சொல்லி அவரை மட்டும் கூப்பிடச் சொல்வோம். மற்றவர்கள் பேசாமல் காத்திருந்தார்கள். முகம் தெரியாத அத்தனை பேர் இரண்டு கிழடுகளுக்காக வாயை மூடிக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு நிறைந்துவிடும். காலையில் சிரித்தது ஒரே ஒருவன், சாயங்காலம் பொறுத்திருந்தது ஊரெல்லாம்.

எவ்வளவு முயன்றும் பிடிபடாத எழுத்தை நான் ஊகித்துச் சொல்லவில்லை. தப்பாக எழுதினால் பின்னால் சரிபார்க்கும்போது மார்க்கு போய்விடுமாம். மார்க்கு கிடக்கட்டும், தெரியாததைத் தெரிந்த மாதிரி அவர் காதில் ஓத எனக்கு வாய் வராது. ‘தெரியலை’ என்பேன், அவர் மன்னிப்புக் கேட்டு விட்டுவிடுவார். ஒரு குரலைப் பிடித்துத் தொங்காமல் விடுவதற்கும் புதியவர்கள் பழக வேண்டும்.

தம்பி சொன்னதில் ஒன்றை மட்டும் நாங்கள் கேட்கவில்லை. ஒவ்வொருவருக்கும் முடிவில் ‘தேங்க் யூ’ என்று சொல்வதைச் சுருக்கினால் நேரம் மிச்சமாகும் என்றிருந்தார். இவர் சுருக்கவில்லை. ஒவ்வொரு ஆளுக்கும் முழுசாகவே சொன்னார். அதில் நான் முழங்கையை இடிக்கவில்லை.

இருட்டியதும் சாப்பிட்டுத் தூங்கிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை பெங்காலிப் பெண் மீன் குழம்பு கொடுத்து அனுப்பினாள், அம்மியில் அரைத்தது. சாப்பிட உட்கார்ந்தபோது இவராகவே மூடியைத் திறந்து பார்த்து, “கல்லுல அரைச்சா ருசியே வேற. அந்தப் புள்ளைகிட்டச் சொல்லு, மிக்ஸியை நாம வாங்கிக்குவோம்” என்றார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன். என்ன குழம்பு என்று தெரியாமலே சாப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷன் அவர். மகள் அடுப்படிக்கு எழுந்துபோய், ரசம் எடுக்க இவ்வளவு நேரமா என்று நான் கூப்பிடும்வரை வரவில்லை.

அன்று முழுக்க அவர் பேசிக்கொண்டே இருந்தார். மைக் அணைந்திருக்கும்போது என்னிடம் பேசினார். இந்தக் குரல் பின்லாந்து, அங்கே இப்போது பனி. இந்த ஆள் கப்பலில் இருந்த ஆளாகத்தான் இருக்க வேண்டும், எழுத்தைச் சொல்கிற தோரணை அப்படி. நான் என் காதில் கேட்டதைச் சொல்லச் சொல்ல, அதிலிருந்து அவர் ஆளையே பார்த்துவிடுவார்.

திங்கட்கிழமை விடிகாலை போட்டி முடிந்தது. போட்டி நடத்துகிறவர்களுக்குக் கணக்கை அனுப்ப வேண்டும். அதில் தனியாளா, ஒருவருக்குமேல் சேர்ந்தா என்று கேட்டிருந்தார்கள். தனியாள் என்றே போடுங்களேன், உங்கள் பேரில் இருக்கட்டும் என்றேன். பேசினது நீங்கள் ஒருவர்தானே என்றேன்.

“கேக்காம பேசினா அதுக்குப் பேரு ரேடியோவா?” என்றார். இரண்டு பேர் என்றே போட்டார்.

அந்தக் காலையிலேயே திருச்சித் தம்பி போன் செய்தார். மகளும் ஆபீசுக்குப் புறப்பட்டு நின்றுகொண்டு, அப்பா, பார்சல் ஆளுக்கு இன்றைக்கு என்ன சொல்லட்டும் என்று கேட்டாள். நான் ஒத்துக்கொண்ட பேச்சு அது. சலேகா என்று என் வாயால்தான் சொன்னேன். மாற்றிப் பேச எனக்குப் பிடிக்காது.

இவர் போனை ஸ்பீக்கரில் போட்டு, தம்பி எவ்வளவு பாயின்ட் என்று கேட்பதற்கெல்லாம், நான் திருப்பிச் சொல்லச் சொல்ல, நிதானமாகப் பதில் சொன்னார். செட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. போனை என் பக்கம் நகர்த்தினார்.

“அது இப்போ எனக்கு மட்டும் சொந்தமில்லே தம்பி. காது வச்சிருக்கவுங்க இங்கே இருக்காங்க, அவுங்ககிட்டக் கேளுங்க.”

தம்பி, என்னம்மா சொல்கிறீர்கள் என்று கேட்டார். செட் வராது, நீங்கள் வேண்டுமானால் கப்பலேறி வாருங்கள், மீன் குழம்பு தருகிறேன் என்றேன். மகள், “அச்சா, பார்சல் கேன்சல்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அவள் போன வேகத்தைப் பார்த்தால் இருபது வயசுப் பெண் மாதிரி இருந்தது.

அந்தப் போட்டியில் நாங்கள் எத்தனையாவதாக வந்தோம் என்று அவருக்குத் தெரியும், கேட்டால் சொல்வார். அதற்குப் பிறகு இன்னும் சில போட்டிகளில் உட்கார்ந்தோம். சாயங்காலம் கொழும்புக்காரரோடும் பேசுகிறார். அந்த மனுஷர் எதை வேண்டுமானாலும் பேசுவார், அது எனக்குப் போட்டியைவிடக் கஷ்டம், முட்டிவலியையெல்லாம் வரிக்கு வரி நான் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீயே லைசென்ஸ் பரீட்சை எழுது என்கிறார். சின்ன எழுத்து படித்துவிட்டு யோசிக்கிறேன் என்றிருக்கிறேன்.

திருச்சித் தம்பிக்கும், அடுத்த வீட்டுக்காரிக்கும், பேசாமல் காத்திருந்த அத்தனை குரலுக்கும் நன்றி. புதிதாக வருகிறவர்களே, தெரியாதது இருந்தால் எங்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள், நான் இருக்கிறேன்.

போதும் தாயி, பேனாவை வை. இப்போது முதலிலிருந்து வாசி பார்ப்போம், நிதானமாக. அப்படி இல்லை, தாத்தா பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து வாசி. உன் வாயைப் பார்த்தால்தான் அவருக்கு முழுசும் விளங்கும்.